கிணற்றடியிலிருந்து 27 எட்டு

கஜா புயல் அடித்து ஒரு வாரம் ஆகியிருக்கும். 2018 நவம்பர். எங்கள் வல்லத்திராக்கோட்டையில் கரண்ட் இன்னும் வந்தபாடில்லை. சாய்ந்த தென்னைகளை அறுத்து, அடிக்கட்டையை ஜேசிபி வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தோம். ஆள் கிடைக்காத நேரம் அது. புதுக்கோட்டை, ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு என்று எங்கே பார்த்தாலும் மரம் தரையில் கிடந்தால் யாரைப் போய்க் கூப்பிடுவது? ஆலங்குடி தாலுகாவிலேயே இருக்கும் தோப்புக்கொல்லை இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து நாலு பேர் வந்து கைகொடுத்தார்கள்.

மூன்றாவது கட்டையைப் புரட்டியதும் குழிக்குள் துருப்பிடித்த இரும்பு ஒன்று தெரிந்தது. உருண்டையாக, ஒரு பக்கம் குவிந்து, பம்பரத்தைப் பெரிதாக்கி வைத்த மாதிரி. நான் குனிந்து கையை நீட்டினேன்.

"தம்பி, தொடாதேங்கோ! எல்லாரும் தள்ளிப் போங்கோ!"

அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் முதுகு சில்லிடும். முகாமிலிருந்து வந்த நாலு பேரில் ஒருவர். நாற்பது வயது, அதிகம் பேசாத ஆள். அரிவாளைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்து எங்களைப் பின்னால் தள்ளினார். ஜேசிபிக்காரர் என்ன ஏதென்று தெரியாமலே என்ஜினை நிறுத்திவிட்டார். கால் மணி நேரம் யாரும் குழிப்பக்கம் போகவில்லை. கடைசியில் என் அப்பா மெல்ல நடந்து போய் எட்டிப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

"அட, நம்ம பழைய கிணத்து ஃபுட்வால்வுடா!"

எல்லோரும் சிரித்தோம். எங்களைத் தள்ளிவிட்ட அண்ணனும் சிரித்தார். (நான் 'அண்ணே' என்பேன். அவர்கள் பக்கத்தில் 'அண்ணை'.) ஆனால் பீடி பற்றவைத்த அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் நிஜம்.

ஐந்து வருடம் கழித்துத்தான் மீதிக் கதை வந்தது. அதற்குக் காரணம் சிங்கப்பூர். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் அங்கே கட்டட வேலையில் இருப்பார். என் மச்சானும் அப்படித்தான். 2023 செப்டம்பரில் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். அப்பர் புக்கிட் தீமா சாலையில் அடுக்குமாடி கட்டத் தோண்டிய இடத்தில் 100 கிலோ எடையுள்ள போர்க்காலக் குண்டு. நகர்த்தினால் ஆபத்து என்று அந்த இடத்திலேயே வெடிக்கவைத்தார்கள். சுற்றிலும் 200 மீட்டருக்குள் இருந்த 4,000-க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள். ஜப்பான்காரன் 1941 டிசம்பரில் சிங்கப்பூர்மீது குண்டு போட ஆரம்பித்தவன். அதிலிருந்து கணக்குப் போட்டால் எண்பது வருடத்துக்கும் மேல். அந்த வட்டாரத்து மெட்ரோ நிலையத்தின் பெயர் காஷ்யூ, அதாவது முந்திரி. முந்திரிக்காட்டில் பிறந்த எனக்கு அந்தப் பெயர் மட்டும் உடனே மனசில் ஒட்டிக்கொண்டது.

டீக்கடையில் அண்ணனைப் பார்த்தபோது அந்த வீடியோவைக் காட்டினேன். இரண்டு தரம் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "எங்கட காணியிலயும் ஒண்டு கிடக்கு."

அவர் ஊர் பளைப் பக்கம். யாழ்ப்பாணத்துக்கும் ஆனையிறவுக்கும் இடையில், பச்சிலைப்பள்ளிப் பிரிவு. எங்கள் ஊர் மாதிரியே தென்னை. மண் மட்டும் வேறு. இங்கே செம்மண்ணும் சரளையும், அங்கே மணல். 1990 ஜூனில் மறுபடி சண்டை தொடங்கியது. அண்ணனுக்கு அப்போது 12 வயது. அவர்கள் ஊரில் குண்டு போடும் விமானத்துக்குப் 'பொம்மர்' என்று பெயர். ஆள் ஏற்றும் விமானத்தையே குண்டு போடப் பயன்படுத்தினார்கள், அதற்குச் 'சகடை'. சத்தத்தை வைத்தே எது வருகிறது என்று பிள்ளைகள் சொல்லிவிடுமாம். சகடை என்றால் பீப்பாய்க் குண்டு. எண்ணெய்ப் பீப்பாயில் வெடிமருந்தை அடைத்து, விமானத்தின் கதவு வழியே உருட்டிவிடுவது. குறி பார்க்கும் பேச்சே கிடையாது.

அவர்கள் காணியில் விழுந்தது பீப்பாய் இல்லை. பொம்மர் போட்ட குண்டு. நாலு விழுந்ததில் மூன்று வெடித்தது. ஒன்று வெடிக்கவில்லை. "மண்ணுக்க போட்டுது தம்பி. மேல ஒரு துளைதான். நாய் தோண்டின மாதிரி." பக்கத்தில் குண்டின் வால் தகடு மட்டும் பிய்ந்து கிடந்திருக்கிறது. அவர் அப்பா அந்தத் தகட்டை எடுத்துக் கோழிக்கூட்டுக்குக் கதவாக வைத்துவிட்டாராம்! துளையைச் சுற்றி நாலு பனைமட்டை நட்டு, மகனைக் கூப்பிட்டு, கிணற்றடியிலிருந்து அதுவரை எத்தனை எட்டு என்று எண்ணச் சொன்னார். 27 எட்டு. "மட்டை உக்கிப்போகும், நீ மறக்காத எண்டு சொன்னவர்." இரண்டு மாதம் கழித்துப் படகேறி ராமேஸ்வரம். மண்டபம் முகாம். பிறகு தோப்புக்கொல்லை. அப்பா இங்கேயே இறந்துபோனார்.

இதை எல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டார். "நீர் இன்டர்நெட்டில எல்லாம் தேடுவீர்தானே. உது இன்னும் வெடிக்குமோ? தங்கச்சி அங்க மலசலகூடக் குழி தோண்டப் போறாள்."

தங்கை குடும்பம் போர் முடிந்தபின் அந்தக் காணிக்கே திரும்பிவிட்டது. மிதிவெடி எடுத்தாயிற்று என்று சொல்லித்தான் நிலத்தைக் கொடுத்தார்கள். (நாம் கண்ணிவெடி என்பதை அவர்கள் மிதிவெடி என்பார்கள். காலை வைத்தவர்கள் வைத்த பெயர்.) அப்புறம் எதற்குப் பயம் என்றுதான் நானும் நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டுதான் தேட உட்கார்ந்தேன்.

முதலில் என் மண்டையிலிருந்து கழன்ற தப்பு இது. பழைய குண்டு நமுத்துப் போயிருக்கும் என்று நாம் நினைக்கிறோம். தீபாவளிப் பழக்கம். மறுநாள் காலையில் தெருவைக் கூட்டுமுன் ஓடிப்போய், வெடிக்காத பட்டாசை எல்லாம் பொறுக்கி, பிய்த்து, மருந்தைத் தாளில் கொட்டிப் பற்றவைப்போம். புஸ்ஸென்று எரியும். நானும் அப்படி ஒரு புருவத்தைக் கருக்கிக்கொண்டவன்தான். அந்தக் கணக்கு இங்கே செல்லாது. குண்டுக்குள் இருக்கும் டிஎன்டி போன்ற மருந்து எத்தனை வருடம் மண்ணில் கிடந்தாலும் அப்படியே இருக்கும். கெடுவது பியூஸ்தான். பியூஸ் என்றால் வெடிப்பைத் தொடங்கிவைக்கும் சின்னக் கருவி. அது துருப்பிடிக்கும், அதன் ஸ்பிரிங் தளரும். கெட்டுப்போவதால் வெடிக்காமல் போகலாம், லேசாகத் தட்டினாலே வெடிக்கவும் செய்யலாம். எது நடக்கும் என்று மேலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

சரி, விழுந்த அன்றே ஏன் வெடிக்கவில்லை? பல குண்டுகளின் மூக்கில் சின்னதாக ஒரு காற்றாடி இருக்கும். விமானத்தை விட்டுக் கழன்றதும் காற்றில் சுற்றும். குறிப்பிட்ட சுற்று முடிந்த பிறகுதான் பியூஸ் தயாராகும். போட்டவனுடைய விமானம் பத்திரமாக விலக வேண்டுமே, அதற்காக. தாழப் பறந்து போட்டால் அந்தச் சுற்று முடிவதற்குள் தரை வந்துவிடும். இல்லையென்றால் சேறு, மணல், தென்னோலை என்று மெத்தென்ற எதிலாவது விழுந்து, பியூஸுக்கு வேண்டிய அடி கிடைக்காமல் போகும். பீப்பாய்க் குண்டோ உருண்டுகொண்டே வருவது, எந்தப் பக்கமாகத் தரையில் மோதும் என்று சொல்லவே முடியாது. இரண்டாம் உலகப் போரில் போட்ட குண்டுகளில் பத்தில் ஒன்று வெடிக்கவில்லை என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. மணலில் புகுந்த குண்டு நேரே இறங்கி நின்றுவிடாது. இறங்கும், வேகம் குறையும், வளையும், கடைசியில் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு படுக்கும். தூண்டில் முள்ளின் வடிவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே தெரியும் துளைக்கு நேர் கீழே குண்டு இருக்காது. சில அடி தள்ளி, ஆள் ஆழத்துக்கும் கீழே இருக்கும்.

இந்த வளைவால் தூக்கம் கெட்ட ஊர் ஒன்று ஜெர்மனியில் இருக்கிறது. பெர்லினுக்கு வடக்கே ஓரானியன்பர்க். யுரேனியம் பதப்படுத்தும் ஆலை அங்கே இருந்ததால் 1945 மார்ச்சில் அமெரிக்க விமானங்கள் ஆயிரக்கணக்கில் குண்டு கொட்டின. நிறையக் குண்டுகளில் தாமத பியூஸ். உள்ளே கண்ணாடிக் குப்பியில் அசிட்டோன், நகப்பூச்சு அழிக்கும் திரவம்தான். பக்கத்தில் செல்லுலாய்டு வில்லைகள். குப்பி உடைந்து அசிட்டோன் அந்த வில்லைகளை மெல்ல அரிக்கும். அரித்து முடித்ததும் ஊசி விடுபட்டு வெடிக்கும். மணிக்கணக்கில், நாள்கணக்கில் தாமதமாகட்டும் என்று செய்த ஏற்பாடு. ஆனால் குண்டு மூக்கைத் தூக்கிக்கொண்டு படுத்துவிட்டதால் திரவம் வில்லையை விட்டு எதிர்ப்பக்கம் வடிந்துவிட்டது. ஆவி மட்டும் அரிக்கிறது. எண்பது வருடமாக அரித்துக்கொண்டிருக்கிறது. யாரும் தொட வேண்டாம், தட்ட வேண்டாம், வில்லை உளுத்துப்போனால் அதுவே வெடிக்கும். 1990-க்குப் பிறகு மட்டும் அந்த ஒரு சின்ன ஊரில் 200-க்கும் மேற்பட்ட குண்டுகளை எடுத்திருக்கிறார்கள்.

தானாக வெடிக்குமா என்று கேட்பவர்களுக்கு இன்னொன்று. 2024 அக்டோபர் 2-ஆம் தேதி ஜப்பானின் மியாசாகி விமான நிலையத்தில், விமானங்கள் ஊர்ந்து போகும் பாதைக்கு அடியிலிருந்த அமெரிக்கக் குண்டு ஒன்று வெடித்தது. ஏழு மீட்டர் அகலத்துக்குப் பள்ளம். நல்லவேளை, ஒருவருக்கும் காயமில்லை. சற்று முன்புதான் அந்தப் பக்கமாக ஒரு விமானம் போயிருந்தது.

ஜெர்மனிக்காரர்கள் எப்படித் தேடுகிறார்கள் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. குண்டு போட்ட பிறகு, என்ன சேதம் என்று பார்க்க நேச நாட்டு வேவு விமானங்கள் மேலிருந்து படம் எடுத்தன. அந்தப் படங்கள் லட்சக்கணக்கில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ காப்பகத்தில் இருக்கின்றன. ஜெர்மன் நகராட்சிகள் காசு கொடுத்து வாங்கி, பூதக்கண்ணாடி போட்டுப் பார்க்கின்றன. பெரிய வட்டப் பள்ளம் என்றால் வெடித்தது. பக்கத்திலேயே கடுகளவு கறுப்புப் புள்ளி இருந்தால் வெடிக்காதது. பல இடங்களில் வீடு கட்ட அனுமதி கேட்டாலே முதலில் இந்தச் சோதனைதான். 2011 டிசம்பரில் ரைன் ஆற்றில் தண்ணீர் வற்றியபோது கோப்ளென்ஸ் நகரில் 1.8 டன் குண்டு ஒன்று வெளியே தெரிந்தது. 45,000 பேரை வெளியேற்றிவிட்டுச் செயலிழக்கச் செய்தார்கள்.

குண்டு போட்டவனே கணக்கும் எழுதி, படமும் எடுத்து, பிற்பாடு அதை விற்கவும் செய்கிறான். 1990-ல் பளையில் எந்த விமானம் எந்தத் தோப்பில் எத்தனை போட்டது என்ற கணக்கை நானோ அண்ணனோ எங்கே போய் வாங்குவது?

இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டு இரண்டு மூன்று நாள் சும்மா கிடந்தேன். பிறகு கண்ணிவெடி அகற்றும் அமைப்புகள் எழுதியவற்றைப் படிக்கத் தொடங்கினேன். இலங்கையின் வடக்கில் ஹலோ டிரஸ்ட், மாக் என்ற பிரிட்டிஷ் அமைப்புகள் 2002 முதல் வேலை செய்கின்றன. டாஷ், ஷார்ப் என்று உள்ளூர் அமைப்புகளும் இருக்கின்றன. முகமாலை மண்ணில் மண்டியிட்டு, முகத்துக்குக் கவசம் போட்டு, அங்குலம் அங்குலமாகச் சுரண்டுகிறவர்களில் கணிசமானவர்கள் பெண்கள். போரில் கணவனை இழந்தவர்களும் அதில் உண்டு. பளையிலிருந்து முகமாலை கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம்.

அப்படிப் படித்ததில் இரண்டு விஷயம் பிடிபட்டது. ஒன்று, மிதிவெடி தேடுவது மேல்மண் வேலை. மிதிவெடியைக் கால் படும் ஆழத்தில்தான் புதைத்திருப்பார்கள், கையில் பிடிக்கும் கருவியும் அந்த அளவுக்குத்தான் கேட்கும். ஆள் ஆழத்துக்கும் கீழே படுத்திருக்கும் விமானக் குண்டுக்கு வேறு கருவி வேண்டும், வேறு வேலை. ஆகவே நிலத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள் சொன்னது பொய்யில்லை. நடக்கலாம், கத்தரி போடலாம், கொட்டில் கட்டலாம். கிணறு, மலசலகூடக் குழி, கான்கிரீட் தூண் என்று ஆழம் போகும்போதுதான் சிக்கல்.

உடன்படிக்கைகளும் இப்படித்தான். இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. 2018 மார்ச்சில் கொத்துக்குண்டுத் தடையிலும் சேர்ந்தது. இந்தியா இரண்டிலும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் வீட்டுக் குண்டு மிதிவெடியும் இல்லை, கொத்துக்குண்டும் இல்லை. சாதாரண ஒற்றைக் குண்டு. அந்த இரண்டு தாளிலும் அதற்கு இடமில்லை.

இரண்டாவதுதான் எனக்கு உறைத்தது. எந்த நாடாக இருந்தாலும், கருவியை எடுக்கும் முன் அந்தக் குழுக்கள் செய்யும் முதல் வேலை, ஊர்க்காரர்களிடம் போய் உட்கார்ந்து பேசுவது. எங்கே விழுந்தது, எப்போது, என்ன சத்தம், யார் பார்த்தார்கள், மாடு செத்ததா என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். அதற்கென்றே படிவம் இருக்கிறது. ஆனால் விழுந்ததைப் பார்த்தவர்கள் ஊரில் இருந்தால்தானே கேட்பார்கள்? அவர்களில் நிறையப் பேர் மண்டபத்திலும் தோப்புக்கொல்லையிலும் லேனாவிளக்கிலும் அல்லவா இருக்கிறார்கள். தமிழ்நாடு முழுக்க நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள். இவர்கள் ஞாபகம் எடின்பரோ காப்பகத்துக்கு எந்தவிதத்திலும் குறைந்ததில்லை. ஒரே வித்தியாசம், இங்கே இருப்பவர்களுக்கு வயதாகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனை வீட்டுக்குக் கூப்பிட்டேன். பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம், ஒரு ஸ்கெட்ச் பேனா. முதலில் வீட்டை வரைந்தார், பிறகு கோழிக்கூடு, வேலி, ஒழுங்கை, கோயில் இருக்கும் திசை. தென்னைகளை ஒவ்வொன்றாகப் புள்ளி வைக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். "உதெல்லாம் இப்ப இராது." பதினெட்டு வருடச் சண்டை அதற்கு மேல் நடந்த இடம். வீடு தரைமட்டம் என்று தங்கை சொல்லியிருந்தாள். கிணறு மட்டும் இருக்கிறது. கட்டு உடைந்திருந்தாலும் கிணறு அதே இடத்தில்.

கிணற்றடியிலிருந்து 27 எட்டு, பலாமரம் இருந்த பக்கமாக. எழுதிவிட்டு நிமிர்ந்தபோதுதான் இருவருக்கும் ஒரே நேரத்தில் அது தோன்றியது. யாருடைய எட்டு? 12 வயதுப் பையனுடைய எட்டு. இப்போது அவர் நடந்தால் அது வேறு கணக்கு.

அண்ணனுடைய கடைசி மகனுக்கு 12 வயது. வாசலில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டோம். எங்கள் கிணற்றுமேட்டில் நிறுத்தி, "கிணத்தைத் தொட்டு நில், நேரா நட, 27 எண்ணிப்போட்டு நில்" என்றார் அண்ணன். பையன் வெட்கத்தில் குதித்துக் குதித்து நடந்தான். "உப்பிடி இல்லை. பயந்து நடக்கிற மாதிரி நட" என்றார். அவன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். மறுபடி நடந்தான், மெல்ல. டேப் பிடித்துப் பார்த்தேன். 51 அடி. இன்னொரு தரம் நடக்கவைத்தோம், 54. பத்தடி முன்னே பின்னே வைத்து ஒரு வட்டம் போட்டு, தாளைப் போனில் படம் பிடித்துத் தங்கைக்கு அனுப்பினோம். அவள் அதை அந்தப் பக்கம் வேலை செய்யும் குழுவினரிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

பத்து நாள் கழித்து அவர்களே போனில் அண்ணனிடம் பேசினார்கள். முக்கால் மணி நேரம். விமானம் எந்தத் திசையிலிருந்து வந்தது? எவ்வளவு தாழ? துளை எத்தனை அகலம்? அந்த வால் தகடு என்ன வடிவம், எத்தனை சிறகு? கோழிக்கூட்டுக் கதவைப் பற்றி இவ்வளவு அக்கறையாக யாராவது கேட்பார்கள் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னார். "நாலு சிறகு. ஒண்டு வளைஞ்சிருந்தது. மூலையில அப்பா ஆணியால துளை போட்டவர்."

நம் ஊருக்கும் இது முழுக்க அந்நியமில்லை. 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் தாக்கின. 1943 அக்டோபரில் ஒரு விமானம் சென்னைமீதும் குண்டு போட்டது. ஆனால் நமக்கு ஆபத்து வானத்திலிருந்து வந்ததைவிடப் பழைய இரும்பு வழியாக வந்ததே அதிகம். 2004 செப்டம்பரில் காசியாபாத்தில் ஓர் எஃகு ஆலைக்கு வந்த வெளிநாட்டுப் பழைய இரும்பில் வெடிக்காத குண்டுகள் கலந்திருந்தன, வெடித்துப் பத்துப் பேர் செத்தார்கள். லாவோஸிலும் இதே கதைதான். 1964 முதல் 1973 வரை அமெரிக்கா போட்ட கொத்துக்குண்டுகளில் சுமார் 8 கோடிச் சிறுகுண்டுகள் வெடிக்காமல் கிடக்கின்றன, கிலோ விலைக்கு இரும்பு பொறுக்கப் போய்க் கை இழந்தவர்கள் ஏராளம். 2018 ஜூனில் ராமேஸ்வரம் தங்கச்சிமடத்தில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது பெட்டி பெட்டியாகப் பழைய தோட்டாவும் வெடிபொருளும் வந்தன. எண்பதுகளில் புதைத்தது என்றார்கள். குழி என்றாலே எனக்கு இப்போது ஒரு யோசனை வருகிறது.

தங்கையின் காணியில் இப்போது கிணற்றுக்குப் பலாமரம் இருந்த பக்கமாக ஒரு மூலையைச் சுற்றிச் சிவப்புத் தலை போட்ட கட்டைகள் நிற்கின்றன. ஆழமாகத் தேடும் கருவியோடு வருவதற்கு முறை வர வேண்டும், அதுவரை அந்தப் பக்கம் தோண்டாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். மலசலகூடம் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் கட்டியாயிற்று. முதலில் அவர்கள் குழிக்குக் குறித்துவைத்திருந்த இடம், எங்கள் காலண்டர் தாள் வட்டத்தின் விளிம்பிலிருந்து நாலடி.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது முகாமில் இருந்தால், முகாமில் வயதானவர்களைத் தெரிந்தால், ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். எங்கே விழுந்தது, எந்த மாதம், என்ன விமானம், எதிலிருந்து எத்தனை எட்டு என்று கேட்டு எழுதுங்கள். மரத்தை அடையாளமாக வைக்காதீர்கள். கிணறு, கோயில், மதகு இவற்றை வையுங்கள். எட்டு எண்ணியவருக்கு அன்றைக்கு என்ன வயது என்பதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.